அப்பாவின் தாடையும் என் மிக்ஸியும்

மார்ச் 3

அப்பாவின் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பி கட்டி இன்றோடு ஒன்பது நாள். ஊருக்கெல்லாம் கார் ஓட்டச் சொல்லித்தருபவர், சைக்கிளிலிருந்து விழுந்து தாடை எலும்பை உடைத்துக்கொண்டார்! சாப்பாடு ஸ்ட்ராவில், பேச்சு துண்டுக் காகிதத்தில். அம்மா கொடுத்த காய்கறித் தண்ணீரை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு எழுதினார்: "இது சூப்பா, பாத்திரம் கழுவின தண்ணியா?"

அம்மா பேனாவை வாங்கி அடியிலேயே எழுதினாள்: "ரெண்டும்." அவள் வாய்க்கு என்ன கேடு?

மார்ச் 5

அம்மா கடைக்குப் போனதும் ஒரு காகிதம் வந்தது. "பால், வெண்ணெய், சாக்லேட். மிக்ஸியில் அடி. கணக்குத் தாளில் கையெழுத்து வேணும்தானே?"

நூற்றுக்கு இருபத்தேழு. வேறு வழி?

மார்ச் 9

க்ரீம் கேக் வெற்றி. பொரித்த கோழி தோல்வி, ஸ்ட்ரா அடைத்துக்கொண்டது. கேக்குக்கு மட்டும் அப்பா கண்ணை மூடி, தலையாட்டி, நிதானமாக உறிஞ்சினார்.

மார்ச் 13

போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன்.

இன்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். "கொழுப்பு போன தடவையவிட எகிறியிருக்கே!"

"இவருக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு கல்யாணமான அன்னிக்கே தெரியும் டாக்டர். ஆனா நான் குடுக்கறது வெறும் காய்கறித் தண்ணி."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "ரத்தத்துல இவ்வளவு கொழுப்பு இருந்தா புது எலும்பு வளர்றது மந்தமாகும். எக்ஸ்ரேல ஒட்டின அடையாளமே சரியா இல்ல. மாத்திரை தர்றேன், ரெண்டு வாரம் பாப்போம். இல்லன்னா தாடையத் திறந்து தகடு வெச்சு முடுக்கணும்."

திறந்து! அப்பா என்னைப் பார்க்கவில்லை. நான் கூரையைப் பார்த்தேன்.

நான்தானே அடிச்சுக் குடுத்தேன். ஒவ்வொரு டம்ளரும் நான்தானே...

மார்ச் 14

"கொஞ்சமே கொஞ்சம்" என்று காகிதம்.

"முடியாதுப்பா."

"அப்ப இருபத்தேழை அம்மாகிட்ட சொல்லிடுவேன்."

"எப்படிச் சொல்வீங்க? வாயத்தான் கட்டியிருக்காங்களே!"

பேனாவை உயர்த்திக் காட்டினார். இவர் அப்பாவா, கடத்தல்காரரா?

ஆனால் இன்னொரு கையால் தாடையைத் தடவிக்கொண்டே இருந்தார். பசியா? பயமா?

மார்ச் 15

சொல்லிவிட்டேன். கணக்குத் தாளையும், வெண்ணெய் முதல் கோழி வரை எழுதிய பட்டியலையும் அம்மா முன் வைத்தேன். இரண்டு முறை படித்தாள்.

"கோழியுமாடி?"

"அது உள்ள போகலம்மா."

நேராகப் போய் அப்பாவின் பேனாவைப் பிடுங்கினாள். "மாத்திரை இனிமே என் கண்ணு முன்னால. பால்ல ஆடை தெரிஞ்சா மாட்டையே வித்துடுவேன்." எங்களிடம் மாடே இல்லை.

என் தண்டனை: தினமும் ஒரு மணி நேரம் அப்பாவிடம் கணக்கு. அவருக்கு அந்த ஒரு மணி நேரம் மட்டும் பேனா.

மார்ச் 20

தப்புப் போட்டால் திட்ட முடியாமல் மூக்கால் ரயில் விடுகிறார். இன்று பதினோரு ரயில்.

மார்ச் 27

கொழுப்பு இறங்கியிருக்கிறது. எக்ஸ்ரேயில் முறிவின் மேல் மெல்லிய வெள்ளைப் புகை. அதுதான் புது எலும்பாம். தகடு வேண்டாம்!

ஏப்ரல் 12

கம்பியை எடுத்துவிட்டார்கள். முதலில் என்ன பேசுவார் என்று நானும் அம்மாவும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். தாடையை மெதுவாக அசைத்துப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பினார். குரல் யாருடையதோ போலிருந்தது.

"ரொம்பப் பயந்துட்டியா?"

"இல்லப்பா" என்று புளுகினேன்.

"நான் பயந்துட்டேன்" என்றார்.