கோயில் வாசலில் கழற்றிய சப்பாத்து

ஜூலை 9, புதன். பென்டில் ஹில்.

இன்று நான் வென்றேன். இதை எழுதாமல் படுக்க முடியாது.

மெல்பேர்னில் படிக்கிற மகள் துளசி விளையாடும் விளையாட்டில் படமே கிடையாது, எல்லாம் எழுத்துத்தான். 'லுக்' என்று தட்டினால் எங்கே நிற்கிறோம் என்று சொல்லும். 'நோர்த்' என்றால் வடக்கே நடக்கும். தொலைபேசியில் அவள் இரண்டு நிமிடத்துக்கு மேல் கதைப்பதில்லை. அதனால்தான் அவளோடு சேர்ந்து விளையாட இந்தக் கட்டளைகளைப் பாடமாக்கினேன். போன கிழமை குகைக்குள் வாளை எடுக்கப்போய் விளக்கைக் கீழே போட்டுவிட்டேன். இருட்டில் அவளோடு விளையாடுகிற நண்பர்கள் நான்கு பேரும் செத்துப்போனார்கள். இனி அம்மா வேண்டாம் என்றார்களாம்.

இன்று கடைசித் தடவை என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். ஒரு கோயில் கதவு அவர்களுக்கு ஒரு மாதமாகத் திறக்கவில்லை. திறப்புப் போட்டு, மந்திரம் சொல்லி, கோடரியால் கொத்தி எல்லாம் பார்த்துவிட்டார்கள்.

"அம்மா, ஒண்டையும் தொடாதேங்கோ, ப்ளீஸ்" என்று துளசி எழுதினாள்.

நான் ஒன்றையும் தொடவில்லை. கோயில்தானே என்று, பழக்கதோஷத்தில் 'ரிமூவ் பூட்ஸ்' என்று மட்டும் தட்டினேன்.

கதவு திறந்தது.

பிறகு தொலைபேசி அடித்தது. துளசி.

"அம்மா! உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"கோயிலுக்குள்ள ஆரும் சப்பாத்தோட போவினமே?"

விழுந்து விழுந்து சிரித்தாள். நாற்பது நிமிடம் கதைத்தாள். நான் மணி பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சப்பாத்து இன்னும் அந்த வாசலிலேயே கிடக்கிறது. யாராவது தூக்கிக்கொண்டு போனாலும் போகட்டும்.