அதே குவாரிக் கல்

இன்று காலை யார்டில் கொட்டியிருந்த ஜல்லிக் குவியல் மேல் தூறல் விழுந்தது. கல்தூசி நனைந்த வாசனை என் மேசை வரைக்கும் வந்தது. முப்பது வருஷமாக இந்த வாசனைதான் எனக்குச் சோறு போடுகிறது. இப்போது அது வந்தாலே அலுப்பாக இருக்கிறது. நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது, மேஸ்திரி.

யார் கொண்டுவந்த ஜல்லியானாலும் ஒரு துண்டைத் துடைத்து நாக்கில் வைப்பாய். ஒட்டிக்கொண்டால் அது ஈரம் குடிக்கிற கல். லாரியைத் திருப்பி அனுப்பிவிடுவாய். புத்தூர் கடைத்தெருவில் உன்னைச் சீண்டாத ஆள் இல்லை.

“இன்னா மேஸ்திரி, உப்பு சரியா கீதா?”

“உங்க வூட்டுக் கொழம்பு மாதிரிதான், சப்புனு கீது.”

ஊரார் கல்லையெல்லாம் ருசி பார்த்த நீ, என் லோடை மட்டும் பார்த்ததே இல்லை. “நம்மாளு கல்லு” என்று நேராக மிக்சரில் கொட்டச் சொல்வாய்.

திருப்பதி ரோட்டுக் கல்யாண மண்டபத்துத் தரைக்கும் அப்படித்தான் கொட்டினாய். கங்காதர நெல்லூர்ப் பக்கத்துக் குவாரியில் அந்த வாரம் ஆழத்துக் கல் எடுக்கவில்லை. வெயிலிலும் மழையிலும் நைந்துபோன மேல்தட்டுக் கல்லை உடைத்துக் கொடுத்தார்கள். தூசியும் அதிகம். எனக்குத் தெரியும். லாரி சும்மா நிற்கக் கூடாதே என்று அனுப்பிவிட்டேன். கலவை இறுகுகிறது, தண்ணீர் அதிகம் கேட்கிறது என்று போன் செய்தாய். “வெயிலு அப்படி, ஊத்துடா” என்றேன்.

பாத்தி கட்டிப் பதினான்கு நாள் தரைமேல் தண்ணீர் தேக்கி வைத்தாய். மூன்று மாதம் தரை கண்ணாடி மாதிரி இருந்தது. ஈரம் வற்ற வற்ற, நடுக் கூடத்தில் மயிரிழையாக ஆரம்பித்து, சுவருக்குச் சுவர் வெடிப்பு ஓடியது. காய்கிறபோது சிமெண்ட் சுருங்கத்தான் செய்யும். உள்ளே கெட்டிக் கல் இருந்தால் சுருங்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். என் கல்லுக்கு அந்தத் திராணி இல்லை. கூட ஊற்றிய தண்ணீரும் சேர்ந்துகொண்டது.

“கல்லு மாறிச்சாடா?” என்று கேட்டாய்.

“அதே குவாரிதான்டா.”

பொய் இல்லை. நீயும் மறுபடி கேட்கவில்லை.

தண்ணீர் விடாத மேஸ்திரி என்று ஊர் பேசியது. அதற்கப்புறம் உனக்குப் பெரிய வேலை ஒன்றும் வரவில்லை. சுவர்ப் பூச்சு, கக்கூஸ் தொட்டி என்றே கடைசிவரை ஓட்டினாய். நான் இரண்டாவது யார்டு திறந்தேன்.

மத்தியானம் அந்த மண்டபத்துக்காரர் வந்தார். பின்பக்கம் சாப்பாட்டுக் கூடம் கட்டப்போகிறாராம். உன் மகன் போய் வேலை கேட்டிருக்கிறான்.

“அவங்க நைனா போட்ட தரையே இன்னும் பல்லு இளிச்சிக்கினு கீதுண்ணா. தண்ணி ஊத்தச் சோம்பேறித்தனம். புள்ள மட்டும் இன்னா கிழிச்சிடப் போறான்?”

“மேஸ்திரி தண்ணி ஊத்தனான்பா. கல்லுதான் கெட்ட கல்லு. தெரிஞ்சே நான் அனுப்பனது.”

மண்டபத்துக்காரர் சிரித்தார்.

“சர்லேண்ணா. செத்தவனுக்கோசரம் பழிய நீ ஏத்துக்கிறியா? உன்ன மாதிரி சிநேகிதன் யாருக்குக் கெடைப்பான்!”

“நெஜமாத்தான் சொல்றேன்.”

“சரி சரி, லோடு எப்போ அனுப்புற?”

அவ்வளவுதான். ஆர்டர் என்னிடமே இருக்கிறது. உன் மகனுக்கு வேலை இல்லை. வாய் திறந்தால் வியாபாரம் போய்விடும் என்று இத்தனை வருஷம் பயந்தேன். திறந்தபின் எனக்கு ஒரு நல்ல பெயர் கூடியிருக்கிறது, உன் பெயர் கிடந்த இடத்திலேயே கிடக்கிறது.

உன் மகனிடம் இன்னும் சொல்லவில்லை. ரோட்டில் என்னைப் பார்த்தால் “பெரிநைனா” என்று வண்டியை நிறுத்துகிறான். மண்டபத்துக்காரர் மாதிரி அவன் சிரிக்கமாட்டான். நான் சொன்னால் நம்பிவிடுவான்.