சுருக்குப்பை போன பிறகு

பிரிக்பீல்ட்ஸ்
11.3.1996

அன்பு மலருக்கு,

இங்கே நலம். நீயும் சண்முகரத்தினம் அண்ணனும் சுகிர்தாவும் சுகந்தானே?

என் பழைய ஆப்பிள் கணினி உயிரை விட்டுவிட்டது. தங்கை மகன் விஜயன் விண்டோஸ் கணினி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். அதில், நாம் சுருக்குப்பை என்று செல்லமாகக் கூப்பிடும் புரோகிராம் ஓடாதாம். செய்த கம்பெனியே அதை நிறுத்திவிட்டதாம். தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷம் வரன் பார்த்துச் சேர்த்த குறிப்பெல்லாம் அதில்தானே? ஒரு பெயரைத் தட்டினால் மாமன், மச்சான், சம்பந்தி எல்லோரும் வந்து நிற்பார்கள். புதியதோ வெறும் கட்டங்கள். குடும்பப் பெயர் கொடு என்று அடம்பிடிக்கிறது. நமக்கேது குடும்பப் பெயர்? அச்சடித்து வைத்திருந்த தாள்களைப் பார்த்து விஜயன் எல்லோருக்கும் தகப்பன் பெயரைப் போட்டுவிட்டான்.

ஒரு சங்கடம், மலர். சுகிர்தாவுக்குப் பேசிய பெட்டாலிங் ஜெயா பையன் பாலேந்திரன் சரிவராது. அவன் அப்பா கனகசபையும் உன் வீட்டுக்காரரும் ஒரே கந்தையாவின் பிள்ளைகள் என்று கணினி காட்டுகிறது. அப்படியென்றால் பிள்ளைகள் அண்ணன் தங்கை முறை. பையனின் அம்மா கோயிலில் கேட்டார், சொல்லிவிட்டேன். பெரியவர்கள் காலத்து விஷயம், கிளற வேண்டாம். மனதைத் தேற்றிக்கொள்.

உன் பூசணி


கிள்ளான்
14.3.1996

பூசணி,

என்னடி எழுதியிருக்கிறாய்? படித்துவிட்டு அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் நின்றேன். என் மாமனாருக்கு இன்னொரு குடும்பமா? கிள்ளான் ஸ்டேஷன் மாஸ்டர் கந்தையாவுக்கா?

உன் கடிதத்துக்கு முன்பே பேச்சு இங்கே வந்துவிட்டது. பாசாரில் காய்கறி வாங்கும்போது ஒருத்தி துக்கம் விசாரிப்பதுபோல் என் கையைப் பிடித்தாள். எதற்கென்று புரியாமல் வீடு திரும்பினால் உன் கடிதம்.

இவர் சாப்பிடவில்லை. "அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்குமா, மலர்?" என்று மட்டும் கேட்டார். செத்துப்போன தாயை நினைத்து அறுபது வயது மனிதர் என்னிடம் கேட்கிறார். சுகிர்தா அறையை விட்டு வரவில்லை. அவளுக்கு அந்தப் பையனை எவ்வளவு பிடித்திருந்தது என்று உனக்கே தெரியும்.

இதற்கு மேல் எழுத முடியவில்லை.

சிவமலர்


பிரிக்பீல்ட்ஸ்
20.3.1996

மலர்,

போன் செய்தால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன்.

ஐயோ, நான் பாவி. உன் கடிதம் வந்ததும் பெட்டாலிங் ஜெயாவுக்கு ஓடினேன். பையனின் தாத்தா கந்தையா தைப்பிங்கில் கிளார்க்காக இருந்தவர். உன் மாமனாரை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. கந்தையா என்று நம்மவர்களில் எத்தனை பேர்! சுருக்குப்பையில் ஒவ்வொருவருக்கும் தனி அட்டை இருந்தது, உறவும் தனித்தனியாக முடிச்சுப் போட்டிருந்தேன். புதியது ஒரே பெயர்க்காரர்களையெல்லாம் ஒரே குடும்பமாகச் சேர்த்துவிட்டது.

பையனின் அம்மாவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன், கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் சொன்னதை எழுதாமல் இருக்கக் கூடாது. "கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுலா, ஆன்டி. தோழிக்காக நீங்கதான் இப்ப மாத்திப் பேசுறீங்க."

ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்கு வரட்டுமா? அண்ணன் காலில் விழுகிறேன்.

பூசணி


கிள்ளான்
2.4.1996

குணபூசணிக்கு,

வர வேண்டாம்.

இரண்டு கந்தையா என்று இவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். ஆனால் ஒரு வாரம் முழுக்கத் தன் அப்பாவைச் சந்தேகப்பட்டுவிட்டேனே என்று இப்போது அழுகிறார். அந்த வாரத்தை யார் திருப்பித் தருவது?

என் கல்யாணத்தில் தோழியாக நின்றவள் நீ. என் மாமனார் உன்னை மகளே என்றுதான் கூப்பிடுவார், எத்தனையோ நாள் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாய். கணினிக்கு அவரைத் தெரியாது. அதன்மேல் எனக்குக் கோபமும் இல்லை.

சுகிர்தாவின் பெயரை உன் கணினியிலிருந்து எடுத்துவிடு. பையன் வீட்டார் வேறு இடத்தில் தட்டு மாற்றிக்கொண்டார்கள். அவளிடம் நான்தான் சொன்னேன். அழவில்லை. ஒன்றுதான் கேட்டாள்.

"கோயில்ல சொல்றதுக்கு முன்னால, ஆன்டி ஏம்மா நமக்கு ஒரு போன் போடல?"

இதற்குப் பதில் உனக்குத் தெரிந்தால் அவளுக்கு எழுது. எனக்கு வேண்டாம்.

சிவமலர்