சௌக்கியம் என்று எழுத மாட்டாளாம்

ஆலாம்பட்டி,
வெகுதானிய வருஷம், ஆனி மாதம்.

கண்டிச் சீமையில் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் என் மகன் சென்னியப்பனுக்கு உன் அப்பன் அங்கமுத்து சொல்ல, உன் மகள் சௌந்திரம் எழுதுவது. இதை உனக்குப் படித்துச் சொல்லும் தோட்டத்துக் கணக்கப்பிள்ளைக்கும் என் கும்பிடு. அவர் முதல் வரியோடு நிறுத்தாமல் கடைசி வரைக்கும் படிக்க வேண்டும்.

மேட்டூர் அணையில் தண்ணீர் தேக்கிய மறுவருஷம், வெள்ளைக்கார ராஜா பட்டத்துக்கு வந்து இருபத்தைந்து வருஷம் ஆயிற்றென்று பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுத்தார்களே, அந்தச் சித்திரையில்தான் உன் அம்மா படுத்தாள். உன் மகள் அந்த மிட்டாயைப் பாவாடையில் முடிந்து கொண்டுவந்து கிழவி வாயில் வைத்தாள். அதைக்கூட அவளால் முழுங்க முடியவில்லை. மகனை உடனே புறப்பட்டு வரச்சொல்லி எழுது என்று மண்டிக் கணக்கு வெங்கடாசலத்திடம் சொன்னேன். எழுதினான். ஆனால் கடுதாசி என்றால் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று, 'இவ்விடம் எல்லோரும் சௌக்கியம்' என்று தலையில் போட்டுவிட்டு அப்புறம் எழுதினான். அங்கே உனக்கு அந்தத் தலையை மட்டும் படித்தார்களாம். கொழுந்து பறிக்கும் அவசரத்தில் மிச்சத்தை ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றார்களாம். நீ வந்து சேர்ந்தபோது கருமாதியும் முடிந்திருந்தது. அப்பனே சௌக்கியம் என்று எழுதினான் என்று சந்தையில் நின்று ஊர் கேட்கக் கத்தினாய். அன்றைக்குப் போனவன்தான். எழுத்துத் தெரியாதவன் நான், எதைக் காட்டி இல்லை என்பேன்?

அது பழைய கதை. இப்போது நான் படும் பாடு வேறு.

அந்த வார்த்தையால் அத்தனை பட்ட நானே இன்று உன் மகளிடம், சௌக்கியம் என்று போடு அம்மிணி என்றேன். தூரத்தில் இருக்கும் நீ கலங்க வேண்டாமே என்றுதான். போட மாட்டாளாம். செவலை மாட்டுக்கு வாய்ப்புண், அம்மாளுக்குப் பல்வலி, உங்களுக்குக் கால் வீங்கி முழங்கால் வரைக்கும் ஏறிவிட்டது, படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று உட்கார்ந்தே தூங்குகிறீர்கள், இதில் சௌக்கியம் யாருங்க அப்பாரு என்று கேட்கிறாள். காலைப் பற்றி எழுதாதே என்றேன். எழுதாதே என்று நான் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறாள் போலிருக்கிறது. பேனா நிற்கக் காணோம்.

பெரிய பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதிலிருந்து இதே கூத்துதான். வீட்டுக்கு ஆள் வந்தால் தாய் செல்லாயியின் முந்தானைக்குள் ஒளிந்த பிள்ளை இது. அங்கே போய், பையன்களுக்கு வேப்பமர நிழல், எங்களுக்கு வெயிலுங்களா என்று பெரிய வாத்தியாரிடமே கேட்டிருக்கிறாள். அவரும் ஒரு நாள் மாற்றி ஒரு நாள் என்று வைத்துவிட்டார். வெயிலுக்குப் போன பையனின் அப்பன் என்னிடம் வந்து, உங்கள் பேத்திக்கு வாய் நீளமுங்க என்று சொல்லிவிட்டுப் போகிறான்.

வண்ணார் வீட்டுப் பெருமாயிதான் இவளுக்குக் கூட்டு. இருவருக்கும் சேர்த்துப் பூகோளப் படப் புத்தகம் ஒன்று. போகும்போது ஒருத்தி சுமப்பாள், வரும்போது இன்னொருத்தி. பெருமாயி வீட்டில் இவள் மோர் வாங்கிக் குடித்தாள் என்று தெருவே திரண்டு என்னிடம் வந்தது. ஏன் குடித்தாய் என்றால், தாகமுங்க என்கிறாள். வெயிலில் நடந்த பிள்ளைக்குத் தாகம் எடுத்தது என்று நானும் தெருவுக்குச் சொன்னேன். வேறு என்னத்தைச் சொல்ல?

அந்தப் படப் புத்தகத்தில் ஒரு நாள் இது நாமக்கல், இது கண்டி என்று விரல் வைத்துக் காட்டினாள். நடுவில் கடல் என்று ஒரு நீலக்கீற்று, நகத்தளவுதான் இருக்கிறது. இதைத் தாண்டி வர அவனுக்கு இத்தனை வருஷமா என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. படத்தில் அப்படித்தான் இருக்குமுங்க, நிஜத்தில் ரொம்ப தூரம் என்று உனக்குப் பரிந்து பேசினாள்.

பக்கத்து வீட்டுப் பாவாயிக்கு அவள் வீட்டுக்காரன் மைசூரிலிருந்து எழுதிய கடுதாசியையும் இவள்தான் படித்தாள். அவன் வைதிருந்ததை ஒரு சொல் விடாமல் படித்துவிட்டாள். பாவாயி அடுப்புப் பற்றவைக்காமல் அழுதாள். கொஞ்சம் விட்டுப் படித்தால் என்ன கேடு என்று திட்டினேன். பாதியை முழுங்கறதுக்கு அதென்ன களிங்களா அப்பாரு என்கிறாள். இவளிடம் யார் பேசுவது?

போன வாரம் உன் கடுதாசி வந்தது. நானும் செல்லாயியும் எதிரே உட்கார்ந்திருக்க, இவள்தான் படித்தாள். பெண் பிள்ளைக்கு ஆறாவது போதும், ஏழாவதில் சேர்க்க வேண்டாம், ஆவணியில் தம்மம்பட்டி அக்கா பொன்னாயி மகனுக்குக் கட்டிக் கொடுத்துவிடுங்கள் என்று நீ எழுதியதையும் படித்தாள். அந்த இடத்தில் குரல் கொஞ்சம் தேய்ந்தது. ஆனால் நிற்கவில்லை. கடைசியில் அவளுக்கு நீ சொன்ன ஆசீர்வாதம் வரைக்கும் படித்து, மடித்து என் கையில் கொடுத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

அந்த இரண்டு வரியை விட்டிருந்தால் எனக்குத் தெரியப் போகிறதா, செல்லாயிக்குத் தெரியப் போகிறதா? பள்ளிக்கூடம் திறந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பாள். போய் வா சாமி என்று நானும் சொல்லியிருப்பேன். பாவாயி விஷயத்தில் நான் சொல்லிக்கொடுத்த வித்தையைத் தனக்கு வேண்டியபோது எடுக்கத் தெரியவில்லை இந்தக் கழுதைக்கு. எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. உன் சொல்லைத் தாண்டி நான் அனுப்பவில்லை. காலையில் பெருமாயி பையோடு நம் வாசலுக்கு வருகிறாள், கொஞ்ச நேரம் நிற்கிறாள், திரும்பிப் போகிறாள். அத்தனை தூரம் தனியாக அவளை யார் அனுப்புவார்கள்? உன் அந்த இரண்டு வரியில் நின்றது இரண்டு பிள்ளைகளின் படிப்பு. சௌந்திரம் களை எடுக்கிறாள், சாணி அள்ளுகிறாள், இன்று பேனாவைக் கையில் கொடுக்கும் வரைக்கும் ஒரு பேச்சுப் பேசவில்லை. அவள் வாயைத் திட்டித் திட்டியே பழகியவனுக்கு இந்த மௌனம் பொறுக்கவில்லையடா.

எட்டாவது வரைக்கும் போகட்டும். பொன்னாயிக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். அவள் மகன் காத்திருந்தால் இருக்கட்டும், ஓடினால் ஓடட்டும். சரி என்று நீ ஒரு வரி எழுதிப் போடு. எழுதுவதைவிட நேரில் வந்து சொன்னால் எனக்கு இன்னும் நல்லது. சீக்கிரம் வந்தால் அதைவிட நல்லது. இந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. எழுது சாமி, ஒன்றுமில்லை, எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

மாரியம்மன் உன்னை மழையிலும் அட்டைக்கடியிலும் காக்கட்டும். உன் அம்மா படுத்தபோது எழுதிய வெங்கடாசலம் வாந்திபேதியில் போய்விட்டான். அவனுக்குப் பின் எழுதிய கடைக்கார வெள்ளியங்கிரி, நான் ஒன்று சொன்னால் தானாக ஒன்பது சேர்ப்பான். அவனும் போன மார்கழியில் போய்விட்டான். அடுத்து இங்கிருந்து உனக்கு வரும் கடுதாசியைச் சொல்ல நான் இருக்கிறேனோ இல்லையோ, உள்ளதை உள்ளபடி எழுத ஒரு ஆள் வேண்டும். எனக்காகப் பேனா பிடித்தவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது உன் மகள் சௌந்திரம் ஒருத்திதான்.