போர் நின்ற அன்று கேசரி

ஓசூர்

அன்புள்ள அப்பாவுக்கு, சத்யப்ரியா வணக்கத்துடன் எழுதுவது. நலமாயிருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

போர் நின்றதை டிவியில் பார்த்திருப்பீர்கள். அது எதற்காகத் தொடங்கியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தொடங்கியதால்தான் பீரங்கிக் குண்டுக்கு உறை செய்யும் எங்கள் கம்பெனிக்கு ஆர்டர் குவிந்தது, எனக்கும் வேலை கிடைத்தது என்பது மட்டும் தெரியும்.

அன்று கேன்டீனில் சமைக்கும் வெள்ளையம்மா அக்கா எல்லாருக்கும் கேசரி கொடுத்தார். அவர் மகன் போர் நடந்த நாட்டில் லாரி ஓட்டுகிறான். "சண்ட நின்னுபோச்சு கண்ணு, எம்பையன் பொழச்சிக்கிட்டான்" என்றார். நான் தட்டை நீட்டியபடியே, "அப்ப நம்ம ஆர்டர் போயிடுமாக்கா?" என்று கேட்டுவிட்டேன். அக்கா இன்னொரு கரண்டி வைத்தார்.

இங்கே குளிர் அதிகம். அம்மாவின் பழைய சால்வையை அனுப்புங்கள். அக்காவுக்குக் கொடுக்கக் கொஞ்சம் அதிரசமும் வையுங்கள். கம்பெனி பஸ் வந்துவிட்டது. அக்காவிடம் மன்னிப்புக் கேட்கப் போய், மறுபடியும் ஆர்டரைப் பற்றியே கேட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது அப்பா.

சத்யப்ரியா