பதினோரு சுண்ணக்கட்டி வட்டங்கள்

காது போன பிறகும் எங்கள் எல்லாரையும் கேட்டுக்கொண்டே இருந்த அன்பு அத்தானுக்கு,

நீங்கள் எங்களை விட்டுப் போய் முப்பத்தாறு நாள் ஆகிறது. அக்கா சாப்பிடுகிறாள். தூங்குகிறாளா என்று கேட்காதீர்கள். உங்கள் சின்னச் சுத்தியலை இன்னும் கதவுக்குப் பின்னாலேயே வைத்திருக்கிறாள், யாரும் தொடக்கூடாதாம். சிராங்கூன் சாலையில் போன வாரம் வெள்ளம் ஏறி, மாட்டுக் கொட்டகைகளில் முழங்கால் வரை நின்று வடிந்தது. கடல் தாண்டி மூவாரில் பாக்கு நன்றாகக் காய்த்திருக்கிறது. என் படகுதான் இன்னும் கிளம்பவில்லை. ஏன் கிளம்பவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இதை நம் ஊர்ப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். உங்களிடம் நேரில் சொல்ல வேண்டியதை ஆறு வருஷம் சொல்லாமல் இருந்துவிட்டேன். இப்போது நாலு பேர் முன்னால் சொன்னால்தான் எனக்குச் சரிப்படும்.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் நாம் போடும் சண்டை நினைவிருக்கிறதா? எந்தத் தொழிலுக்கு அறிவு அதிகம் வேண்டும் என்கிற சண்டை. அக்கா வைத்தியர் என்பாள். பக்கத்து வீட்டு ஆசாரி, வேறு யார், தங்க வேலைதான் என்பார். நான் என் பாக்கைத் தூக்கிக்கொண்டு வருவேன். மூட்டையைக் காதருகே குலுக்கியே உள்ளே எத்தனை காய் ஈரம் என்று சொல்லிவிடுவேன் இல்லையா, அந்தத் திமிர். நீங்கள் எங்கள் வாயையே பார்த்துக்கொண்டு சாப்பிடுவீர்கள். கடைசியில் ஆள்காட்டி விரலில் ஒட்டிய ரசத்தைத் துடைத்துவிட்டு, அந்த விரலைத் தூக்கிக் காட்டுவீர்கள்.

"எனக்கு இது ஒண்ணு போதும் மாப்ளே!"

காது கேட்காதவர் குரல், தெரு முனை வரை போகும். நான் சிரிப்பேன். கப்பல் பழுது பார்க்கும் தஞ்சோங் பகார் டாக்கில் தகடுகளுக்கு ரிவெட் ஆணி அடித்து அடித்துச் செவிடாகிப் போனவருக்கு ஆறுதலாக ஏதோ சொல்கிறார் என்று நினைப்பேன். வெளிப்படையாகவே சொல்கிறேன், உங்களைக் கூலிக்காரர் என்றுதான் எண்ணியிருந்தேன். தலையில் தவிட்டு மூட்டை சுமந்து கடை வைத்தவன் நான். எனக்கு அப்படி எண்ண என்ன உரிமை?

பிறகுதான் அந்தப் பழைய நீராவிப் படகை வாங்கினேன். மூவாருக்கு நானே போய்ச் சரக்கு ஏற்றி வரலாம் என்று ஆசை. முதல் பயணத்தில் உங்களையும் அக்காவையும் ஏற்றிப் போவதாகச் சொல்லியிருந்தேன். படகு டாக்கில் ஏறியதும், ஆணிகளைச் சோதிக்க உங்களையும் உங்கள் ஜோடி ஆ சோயையும் விட்டார்கள். அன்றுதான் உங்கள் வேலையை முதல் முறை பார்த்தேன். ஆ சோய் படகுக்கு வெளியே நின்று ஆணியைத் தட்டுவார். நீங்கள் உள்ளே இருட்டில் முட்டி போட்டு, ஆணித் தலையும் தகடும் சேரும் இடத்தில் விரலை வைத்திருப்பீர்கள். ஆணி இறுகி இருந்தால் ஒன்றும் இல்லை. தளர்ந்திருந்தால் விரலுக்குத் தெரியும். தகட்டில் நீங்கள் ஒரு தட்டுத் தட்டினால் அடுத்த ஆணி, இரண்டு தட்டினால் மறுபடி அதே ஆணி. நீங்கள் தமிழ், அவர் சீனம். நடுவில் இரும்புத் தகடு. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் எத்தனை வருஷம் பேசியிருக்கிறீர்கள் அத்தான்!

மத்தியானத்துக்குள் பதினோரு ஆணிகளைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டீர்கள். வட்டம் போட்ட ஆணியைப் பிடுங்கிப் புதிதாக அடிக்க வேண்டும், இரண்டு வாரம் ஆகும். மூவாரில் என் பாக்கு மழையில் கிடந்தது. கெஞ்சினேன்.

"சொந்த மச்சான் படகு, கொஞ்சம் கண்ணை மூடிக்கங்க அத்தான்."

"கண்ணை மூடித்தான் மாப்ளே வேலையே பார்க்கிறேன்!"

இப்படிச் சொல்லிவிட்டு ஆ சோயோடு சாப்பிடப் போனீர்கள். அப்போது நான் செய்ததைத்தான் இப்போது சொல்கிறேன். விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கினேன். மேல்துண்டை நனைத்துப் பதினொன்றையும் துடைத்தேன். வியாபாரி புத்தி, துடைக்கும்போதே எண்ணிக்கொண்டேன். குறுக்குச் சட்டத்துக்கு அருகே இரண்டு, அடியில் வரிசையாக மூன்று, பின்பக்கம் ஆறு. எல்லா ஆணியும் ஒன்றுபோலத்தான் இருந்தன. ஆயிரம் ஆணியில் எது என்று யார் கண்டார்கள், சாயங்காலத்துக்குள் சோதனையை முடித்துப் படகை விட்டுவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன்.

திரும்பி வந்தீர்கள். தகட்டைப் பார்த்தீர்கள். என்னைப் பார்க்கவில்லை. விளக்கை ஊதி அணைத்தீர்கள். வெளியே தட்டல் தொடங்கியது. நான் படிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இருட்டில் நின்றேன். சுத்தியல் சத்தம், இடையிடையே சுண்ணக்கட்டி உரசும் சத்தம். வேறொன்றும் இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. விளக்கை மறுபடி ஏற்றியபோது குறுக்குச் சட்டத்துக்கு அருகே இரண்டு, அடியில் மூன்று, பின்பக்கம் ஆறு. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை, ஒன்று இடம் மாறவில்லை. என் உடம்பு சிலிர்த்தது அத்தான். கோவிலில் கூட எனக்கு அப்படி ஆனதில்லை.

என் தோளில் கிடந்த ஈரத் துண்டில் வெள்ளையாகச் சுண்ணம் அப்பியிருந்தது. அருகே வந்து, என் சட்டை மார்பில் ஒரு வட்டம் போட்டுவிட்டு ஏறிப் போனீர்கள். பன்னிரண்டாவது.

அந்த ஆணிகளைப் பிடுங்கியபோது நான் நின்று பார்த்தேன். தலை முழுசாக இருந்தது. கழுத்து துருவேறி, வெற்றிலைக் காம்பு போல மெலிந்திருந்தது. வெளியே ஒரு கீறல் இல்லை. அந்தப் படகில்தானே உங்களையும் அக்காவையும் ஏற்றி நடுக்கடலுக்குப் போக இருந்தேன்? அக்காவிடம் நீங்கள் சொல்லவே இல்லை. நானும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு அதே சாப்பாடு, அதே சண்டை. நான் மட்டும் பாக்கைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டேன். கவனித்தீர்களா?

இப்போது சேதிக்கு வருகிறேன். நீங்கள் போன பிறகு படகு மறுபடி சோதனைக்காக டாக்கில் ஏறியது. புதிதாக வந்த துரை ஒருவர் கைத்தடியோடு ஒரு சுற்று நடந்து, சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். மாலுமிகள் ஏழு பேர் தயார். எனக்கு மனசு ஒப்பவில்லை. நானே உள்ளே இறங்கி விரல் வைத்துப் பார்த்தேன். மூன்று நாள் பார்த்தேன். எல்லா ஆணியும் எனக்கு ஒரே ஆணி.

ஆ சோயைத் தேடிப் போனேன். "உள்ளே இருந்த கை போயிடுச்சு தவுக்கே" என்றார், சந்தை மலாயில்; முதலாளிகளை அவர் தவுக்கே என்றுதான் கூப்பிடுவார். "தட்டுறவன் நான். தொடுறவன் அவன்." வெகுநேரம் கெஞ்சினேன். பிறகு எழுந்து, "நான் உள்ளே போறேன். நீ தட்டு லா" என்றார்.

இந்தத் தொப்பையை வைத்துக்கொண்டு இரண்டு நாள் வெளியே நின்று தட்டினேன். டாக்கே வேடிக்கை பார்த்தது. உள்ளிருந்து ஒரு தட்டு, அடுத்தது. இரண்டு தட்டு, மறுபடி. அந்த இரண்டு தட்டு வரும்போதெல்லாம் சுத்தியலை இறக்கிவிட்டுத் தகட்டில் காதை வைப்பேன். உள்ளே நீங்கள் இல்லை என்று தெரியும். தெரிந்தும் என்ன?

நான்கு வட்டங்கள் விழுந்தன. துரை சரி என்ற படகில் நான்கு. பிடுங்கிப் பார்த்தோம், நான்கும் காம்புதான்.

"வெளியே தட்டின ஆளுக்கு விரல் எப்படி வந்துச்சு?" என்று கேட்டேன்.

"உன் அத்தான் எதை மறுபடி தட்டச் சொன்னானோ, அதெல்லாம் என் சுத்தியல்ல வேற மாதிரி இருக்கும். இருபது வருஷமா அந்த அதிர்வு கைக்குப் பழகிடுச்சு" என்றார். பிறகு என் தோளைப் பார்த்தார். "இன்னிக்கு ஈரத் துண்டு கொண்டு வரலையா, தவுக்கே?"

அவருக்கும் தெரிந்திருக்கிறது! நான் தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டார். "வட்டம் போட்ட ஆணியை எடுத்துடணும், உன் மச்சானை எப்போ எடுக்கப்போறேன்னு அன்னிக்கே அவன்கிட்ட கேட்டேன். விடு, அது தானா இறுகிடும்னான்."

தளர்ந்த ஆணி தானாக இறுகாது. அது உங்கள் இருவருக்கும் என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஏன் அத்தான் அப்படிச் சொன்னீர்கள்?

சண்டையில் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். எந்தத் தொழிலுக்கு அறிவு அதிகம் என்று இனி யார் கேட்டாலும் விரலைத் தூக்கிக் காட்டுவேன். நான்கு ஆணியும் புதிதாக ஏறும் வரை படகு கிளம்பாது, பாக்கு நனைந்தால் நனையட்டும். இனி ஒவ்வொரு முறையும் ஆ சோய் உள்ளே, நான் வெளியே. அவர் போடும் வட்டத்தின் மேல் என் துண்டு படாது. அந்தச் சட்டையை நான் இன்னும் துவைக்கப் போடவில்லை.

இறுகப் பார்க்கிறேன்,
பன்னிரண்டாவது வட்டம் வாங்கிய உங்கள் மைத்துனன்.