பிசகையும் திருப்பித் தந்த யாழ்

நீர்மலை நாட்டுக்கும் அதன் துறைகளுக்கும் உரிய அரியேறு மாமன்னர் திருமுன், சங்குத்தீவில் உறையும் தூதன் கோடன் வணங்கி விடுக்கும் ஓலை. மன்னரும் தேவியாரும் வாழ்க, ஏரிகள் நிறைக. பள்ளி சேராமல் எழுதக் கற்ற கை என் கை. மகிழ்ச்சியில் எழுத்தாணியும் நில்லாமல் ஓடுகிறது. பிழை பொறுத்தருள்க.

என் தூதுக்குழுவில் யாழ் வாசிக்கும் எயினி ஒன்றையே நினைத்து நினைத்து மனத்தில் அரைக்கிறாள், அது நோய், யாழை வாங்கிக்கொண்டு அவளை அடுத்த மரக்கலத்தில் ஊருக்கு அனுப்புக என்று அரண்மனை மருத்துவர் சொற்படி தாங்கள் இட்ட கட்டளை வந்தது. அரைப்பது மெய்தான். கலம் ஓட்டிவந்த மீகாமன் செய்த கேலியைக் கரை இறங்கியும் விடாமல் முணுமுணுத்தாள், சோறு ஆறிப்போகும்.

ஆனால் நேற்று நடந்ததைக் கேட்டருள்க! நட்பு வேண்டி வருவோர் முன் இத்தீவின் மன்னர் பரிதிமாறர் தாமே யாழில் ஒரு பண் எடுத்து ஒருமுறை வாசிப்பார். மறுநாள் அதை வந்தோர் குறையாமல் வாசித்துத் திருப்பித் தரவேண்டும். தந்தால் உப்புத்துறை நமக்குத் திறக்கும், தவறினால் வெறுங்கைதான். நம் அவைப் பாணர் வெண்சாத்தனார் கவலையே அறியாதவர். வயிறார உண்டு சுகமாக உறங்கி எழுந்தார். பாதிப் பண் அவரிடம் இல்லை. வேறு வழியின்றி, முன்னாள் உடனிருந்து கேட்ட எயினியை வாசிக்க அவையில் இருத்தினேன்.

முந்தின நாள் மன்னர் வாசித்தபோது ஓரிடத்தில் விரல் வழுக்கி நரம்பு பிசகியிருந்தது. அவையோர் கேளாதவர்போல் இருந்துவிட்டனர். எயினியோ பண்ணோடு அந்தப் பிசகையும் வாசித்துவிட்டாள்! உப்புத்துறை போயிற்று என்று கண்ணை மூடிக்கொண்டேன். மன்னர் இறங்கிவந்து அவள் எதிரில் தரையில் அமர்ந்தார்.

"ராத்திரி பூரா அந்த ஒத்தை நரம்புதான் என் காதுல குடைஞ்சுது. உனக்குமா புள்ளே?"

"இப்பவும் நிக்கலைங்க ராசா. அதைத் தள்ளிட்டு வாசிச்சா மிச்சம் வரமாட்டேங்குது."

மன்னர் சிரித்த சிரிப்பில் அவையே குலுங்கியது. உப்புத்துறை திறந்தாயிற்று.

பெருமானே, அரைக்கும் அம்மி ஒன்றுதான். கேலி விழுந்தால் கேலியை அரைக்கிறது. பண் விழுந்தால் ஒரு நரம்பும் சிந்தாமல் பண்ணை அரைக்கிறது. அது அவளை வருத்தாது என்று சொல்லமாட்டேன். யாழ் கையில் இல்லாத பொழுதுதான் மிக வருத்துகிறது. மனம்விட்டுப் பேச ஆளின்றி நம் ஊர்த்துறையையே நினைத்துக் கிடக்கும் எனக்கு, யாழும் வராது. அந்தப் பாரம் எனக்குத் தெரியும்.

ஆகவே மரக்கலம் இவ்வோலையை மட்டும் ஏற்றிப் புறப்படுகிறது. கட்டளை மீறியவன் நானே; தண்டம் எனக்கே ஆகுக. மருத்துவர்க்கும் இதைப் படித்துக்காட்டி, மாற்றுக் கட்டளை அருள்க. தூது முத்திரை இட்டேன்.

யாழ் அவளிடமே இருக்கிறது.